முழங்கால் எம்.ஆர்.ஐ: டாக்டருக்கு 512 வேணுமாம், முதலாளிக்கு 15 நிமிஷம் தாண்டக்கூடாதாம்

பள்ளிபாளையத்தான்

வணக்கமுங்க. காவிரிக்கு இந்தக் கரையில ஒரு ஸ்கேன் சென்டர்ல ரெண்டரை வருஷமா எம்.ஆர்.ஐ. டெக்னீஷியனா இருக்கேன். மெஷினோட காந்த பலம் 1.5 டெஸ்லா, பத்து வயசு ஆச்சு. முழங்காலுக்கு எட்டு சேனல் காயில், காலைச் சுத்தி மூடி சிக்னல் வாங்கற கூடு. அதோட பூட்டு தேஞ்சு போனதால மைக்ரோபோர் டேப் ஒட்டித்தான் மூடறோம். எங்ககிட்ட வர்றதுல பாதி முழங்கால்தான். தறி ஓட்டுறவங்க, வண்டியில விழுந்தவங்க, கபடி ஆடற பசங்க.

இப்ப பிரச்சனை என்னன்னா, போன மாசத்துல இருந்து ரிப்போர்ட் போடறதுக்குப் புது ரேடியாலஜிஸ்ட் சார் வந்திருக்கார். வெளியூர்ல இருந்தே படம் பாக்கறார். ஒரு நாள் ராத்திரி ஒம்பது மணிக்கு மெனிஸ்கஸ் (மூட்டுக்குள்ள இருக்கற குருத்தெலும்பு மெத்தை) படத்தைப் பெரிசாக்கி வாட்ஸ்அப்ல அனுப்பி, "இது என்னப்பா, நனைஞ்ச பேப்பர்ல வரைஞ்ச மாதிரி இருக்கு? மேட்ரிக்ஸை ஏத்துங்க, 512 போடுங்க"ன்னார். மேட்ரிக்ஸ்னா படத்தை எத்தனை கட்டமாப் பிரிக்கறோம்ங்கிற எண்ணிக்கை. மறுநாள் காலையில முதலாளி வந்து, "மத்த எடத்துல எல்லாம் 15 நிமிஷத்துக்கு ஒரு ஆளை எறக்கி விட்டர்றாங்க, நம்மளுது மட்டும் ஏன் 25 ஆகுது"ன்னார். நான் ரெண்டு பேருகிட்டயும் "சரிங்க சார்"னு சொல்லிட்டேன்.

எங்க சாஜிட்டல் (பக்கவாட்டு வெட்டு) பி.டி. ஃபேட் சாட் (கொழுப்பை அமுக்கி எடுக்கற படம்) இதுவரைக்கும் ஓடினது இப்படி: டி.ஆர். (ஒரு சுத்துக்கும் அடுத்த சுத்துக்கும் இடைவெளி) 3000 மில்லிசெகண்டு, எஃப்.ஓ.வி. (படம் பிடிக்கற பரப்பு) 160 மி.மீ., மேட்ரிக்ஸ் 320 × 256, ஸ்லைஸ் (வெட்டோட தடிமன்) 3 மி.மீ., இ.டி.எல். (ஒரு சுத்துல வாங்கற எக்கோ, அதாவது சிக்னலோட எண்ணிக்கை) 8, நெக்ஸ் (திரும்ப எடுத்து சராசரி போடற தடவை) 2. நேரம் 3 நிமிஷம் 12 செகண்டு. கொரோனலும் (முன்பக்க வெட்டு) ஆக்சியலும் (குறுக்கு வெட்டு) அதே கணக்குதான். அப்புறம் டி1 (இன்னொரு வகைப் படம்) ரெண்டு, சாஜிட்டல் ஒன்னு, கொரோனல் ஒன்னு, தலா 1:42. மொத்தம் சரியா 13 நிமிஷம் ஓடும்.

நான் என்ன பண்ணேன்னா, மேட்ரிக்ஸை 512 × 448 ஆக்கினேன். நேரம் ஏறிடுமேன்னு நெக்ஸை 1 ஆக்கினேன். கன்சோல் 2:48னு காட்டுச்சு. படமும் கூர்மையாகுது, நேரமும் 24 செகண்டு மிச்சம், இத்தனை நாளா இது எவனுக்கும் தோணலையான்னு எனக்கு நானே ஒரு டீ வாங்கிக் குடுத்துக்கிட்டேன்.

டீ குடிச்சுட்டு வந்து படத்தைப் பாத்தா, முழங்கால் மேல ரவையைத் தூவி விட்ட மாதிரி இருக்குது. சார்கிட்ட இருந்து ஒரே வரி: "இதுக்குப் பழசே தேவலை."

படிக்கிறப்ப ஃபார்முலா எல்லாம் எழுதித்தான் பாஸ் பண்ணேன். ஆனா கன்சோல் முன்னாடி உக்காந்தா எந்த நூலை இழுத்தா எந்தப் பக்கம் கிழியும்னு தெரியலீங்க. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

டெஸ்லா பையன்

ப்ரோ, 1.5ல இதுக்கு மேல வராது. 3 டெஸ்லா வாங்கச் சொல்லுங்க. இல்லன்னா ஏ.ஐ. ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் இருக்கிற மெஷின். எங்க காலேஜ்ல முழங்கால் ஆறு நிமிஷத்துல முடியுது. இதுக்குப் போய் மண்டையை உடைச்சுக்காதீங்க.

பள்ளிபாளையத்தான்

காயிலுக்குப் புதுப் பூட்டு கேட்டே எட்டு மாசம் ஆகுதுங்க ப்ரோ.

பழைய காயில்

தம்பி, நான் மதுரைப் பக்கம், இந்த வேலையில 19 வருஷம். முதல்ல வேலை பாத்தது 0.35 டெஸ்லா திறந்த மெஷின்ல. ஒரு முழங்காலுக்கு 40 நிமிஷம் ஆகும். அதுல குப்பை கொட்டினதால ஒவ்வொரு செகண்டுக்கும் கணக்குப் பாக்கிற புத்தி இன்னும் போகல. கொஞ்சம் நீளமாத்தான் எழுதப் போறேன், டீயை இப்ப வாங்கிக்கோங்க.

முதல்ல நீங்க பண்ணதுக்குக் கணக்குப் போடுவோம். பழைய மேட்ரிக்ஸ்ல ஒரு வாக்ஸல் (படத்தோட ஒரு குட்டிக் கட்டம், தடிமனோட சேத்து) 0.5 க்கு 0.625 க்கு 3 மி.மீ., அதாவது கிட்டத்தட்ட 0.94 கன மி.மீ. புதுசுல 0.31 க்கு 0.36 க்கு 3, அது 0.34 கன மி.மீ. கூட வராது. சின்ன வெங்காயத்தைக் கூறு கட்டி விக்கிறதைப் பாத்திருப்பீங்க. பத்துக் கூறு போட்ட கூடையை நீங்க 28 கூறாக்கிட்டீங்க. கூறு ஒவ்வொன்னுலயும் வெங்காயம் மூணுல ஒரு பங்காக் குறைஞ்சு போச்சு. ஆனா கூறோட ஒட்டிட்டு வர்ற மண்ணு குறையாது. அந்த மண்ணுதான் நீங்க பாத்த ரவை.

இதுல நெக்ஸையும் பாதியாக்கியிருக்கீங்க. ஃபேஸ் ஸ்டெப் (மேட்ரிக்ஸோட ரெண்டாவது எண், அதுதான் நேரத்தைக் கூட்டும்) கூடினதால கொஞ்சம் திரும்பக் கிடைச்சிருக்கும். ஒரு பிக்ஸலுக்கு இத்தனை ஹெர்ட்ஸ்ங்கிற பேண்ட்விட்த்தை (சிக்னல் வாங்குற அலைவரிசை அகலம்) மாத்தலைன்னு வச்சுக்கிட்டா, எல்லாம் கூட்டிக் கழிச்சு உங்க எஸ்.என்.ஆர். (இரைச்சலோட ஒப்பிட்டா சிக்னல் எவ்வளவுங்கிறது) பழசுல மூணுல ஒரு பங்கு. சரி, நெக்ஸ் ஏத்தி சரிக்கட்டலாம்னு நினைப்பீங்க. இங்கதான் வர்க்கமூலம் வந்து கழுத்தைப் பிடிக்கும். நெக்ஸை ரெண்டு மடங்கு ஏத்துனா எஸ்.என்.ஆர். 1.4 மடங்குதான் ஏறும். மூணு மடங்கு வேணும்னா நெக்ஸ் ஒம்பது. 2:48ஐ ஒம்பதால பெருக்குங்க. 25 நிமிஷம் 12 செகண்டு, ஒரே ஒரு சீக்வென்ஸுக்கு (ஒரு வரிசைப் படத்துக்கு). உங்க முதலாளி மொத்த ஸ்கேனுக்கே 15தான் குடுக்கிறார்.

அதனால 512 ங்கிற எண்ணை மறந்துடுங்க. பல இடத்துல 512ன்னு பெருமையாச் சொல்றது எடுத்த மேட்ரிக்ஸே கிடையாது. 320ல எடுத்துட்டு, பூஜ்யத்தை நிரப்பி 512ஆ விரிச்சுக் காட்டுறது. பாக்கப் படம் வழவழன்னு இருக்கும், அதுல தப்பும் இல்ல, ஆனா புதுசா ஒரு விவரமும் அதுக்குள்ள வராது. உங்க மெஷின்லயும் அந்தப் பொத்தான் இருக்கும். உங்க டாக்டர் முன்னாடி பாத்த இடத்துல அது போட்டிருந்தாங்களான்னு கேட்டுப் பாருங்க.

இப்ப நான் என்ன போடுவேன்னு சொல்றேன். சாஜிட்டலுக்கு எஃப்.ஓ.வி. 150, மேட்ரிக்ஸ் 384 × 288, ஸ்லைஸ் அதே 3, இ.டி.எல். அதே 8, நெக்ஸ் 2. நேரம் 3:36. எஸ்.என்.ஆர். பழசுல பத்துக்கு ஏழு நிக்கும். எட்டு சேனல் காயில் நல்லா இறுக்கமா உக்காந்திருந்தா அது தாங்கும். (முதல்ல அந்தப் பூட்டு. காயில் ஒரு விரக்கடை தள்ளிப் போனா இங்க நாம போடுற கணக்கெல்லாம் வீண்.)

24 செகண்டு கூடிருச்சேன்னு பதறாதீங்க, அதை வேற இடத்துல எடுப்போம். ஆனா எடுக்கக் கூடாத இடம் ரெண்டு இருக்கு, அதை முதல்ல சொல்லிடுறேன். ஒன்னு டி.ஆர். 3000ஐ 1800க்கு இறக்கினா நேரம் சல்லுன்னு குறையும். அது பி.டி.யா இருக்காது, மூட்டு நீர் மங்கிப் போகும், நீர் பளிச்சுன்னு இருந்தாத்தானே கிழிசல் தெரியும். ரெண்டாவது இ.டி.எல். அதை 16 ஆக்கினா நேரம் பாதி. ஆனா பி.டி.யில டி.இ. (எக்கோ வாங்குறதுக்குக் காத்திருக்கிற நேரம்) குட்டை. எக்கோ ரயில் நீளமாக நீளமாக, வால்ல வர்ற எக்கோவுல சிக்னல் செத்துப் போயிருக்கும். மெல்லிசான விவரம் எழுதுறது அந்த வால்தான். கன்சோல்ல 384ன்னு இருக்கும், படம் 256 மாதிரி கலங்கி நிக்கும். மெனிஸ்கஸ் பாக்கிற பி.டி.க்கு நான் எட்டைத் தாண்ட மாட்டேன், ரொம்ப அவசரம்னா பத்து. எக்கோவுக்கு எக்கோ இடைவெளியைக் குறைக்கப் பேண்ட்விட்த் ஏத்தலாம், அதுக்கும் எஸ்.என்.ஆர்.ல இருந்துதான் காசு குடுக்கணும்.

எடுக்க வேண்டிய இடம்: ரெண்டு டி1 எதுக்கு? எலும்பு மஜ்ஜையும் எலும்பு முறிவும் பாக்க ஒன்னு போதும். கொரோனலை வச்சுக்கிட்டு சாஜிட்டலைத் தூக்குங்க, 1:42 மிச்சம். டாக்டரைக் கேக்காம தூக்காதீங்க. அடுத்தது ஆக்சியல். அதுல மெனிஸ்கஸ் யாரும் தேட மாட்டாங்க. 320 × 240, ஸ்லைஸ் 3.5, இ.டி.எல். 10, நெக்ஸ் 1. 1:12ல முடியும். கொரோனல் பி.டி.யைத் தொடாதீங்க. இப்ப கூட்டுங்க: 3:36, 3:12, 1:12, 1:42. மொத்தம் 9:42. சாஜிட்டலை மேம்படுத்தி, 3 நிமிஷம் 18 செகண்டு குறைச்சிருக்கோம்.

இன்னொன்னு கேக்க மறந்துட்டேன். சாஜிட்டல்ல ஃபேஸ் டைரக்‌ஷன் எந்தப் பக்கம்? அசைவோட கோடு அந்தத் திசையிலதான் விழும், முன்னும் பின்னுமா இருந்தா முட்டிக்குப் பின்னாடி ஓடுற தமனியோட துடிப்பு கோடுகோடா மூட்டு மேலேயே விழும். மேலும் கீழுமா மாத்துங்க. மாத்துனா தொடையும் கெண்டைக்காலும் மடங்கி உள்ள வரும், அதுக்கு ஓவர்சாம்ப்ளிங் (படத்துக்கு வெளியயும் சேத்து எடுக்கிறது) வேணும். நேரம் கூடுமேன்னு பயப்பட வேணாம்: நெக்ஸ் 2க்குப் பதிலா நெக்ஸ் 1, ஓவர்சாம்ப்ளிங் 100 சதவீதம். நேரமும் அதே, சிக்னலும் அதே.

கடைசியா ஒன்னு. உங்க கணக்குப்படி ஸ்கேன் 13 நிமிஷம். லோக்கலைசர் (இடம் பாக்கிற படம்), ப்ரீ-ஸ்கேன் (மெஷின் தன்னைச் சரிபண்ணிக்கிறது) சேத்தா 15. முதலாளி சொல்றது 25. மீதிப் பத்து எங்க போகுது? கன்சோல்ல இல்ல தம்பி, கதவுக்கு வெளிய போகுது. பேஷண்ட் வந்து நின்னப்புறம்தான் அரைஞாண் கயித்துல சாவி இருக்கிறது தெரியும், தாயத்து தெரியும், "மெட்டியைக் கழட்ட வராது, சோப்புத் தண்ணி குடுங்க"ன்னு ஆரம்பிக்கும். முந்தின ஆளுக்குக் கொரோனல் ஓடும்போதே அடுத்த ஆள் உடுப்பு மாத்தி, பாத்ரூம் போய்ட்டு, பாரத்துல கையெழுத்துப் போட்டு வாசல்ல உக்காந்திருக்கணும். நாங்க இதுக்குன்னே ஒரு ஆயாவை வச்சோம். மேட்ரிக்ஸ்ல நான் மிச்சம் பிடிச்சதை விட அந்த அம்மா மிச்சம் பிடிச்சது அதிகம்.

3 டெஸ்லா சொன்ன தம்பிக்கு: சிக்னல் ரெண்டு மடங்கு கிட்ட வரும், உண்மைதான். கொழுப்புக்கும் தண்ணிக்கும் இடையில 220 ஹெர்ட்ஸ் இருந்தது 440 ஆயிடும், பேண்ட்விட்த் ஏத்தணும், கொஞ்சம் சிக்னல் அங்கேயே போயிரும். உடம்பு சூடாகிற கணக்கு நாலு மடங்கு ஏறும். அதுவும் வித்தையெல்லாம் தெரிஞ்சவங்க கையிலதான் பேசும்.

பள்ளிபாளையத்தான்

அக்கா, காலுல விழணும் போல இருக்குது. ஃபேஸ் டைரக்‌ஷன் முன்னும் பின்னுமாத்தான் இருந்துச்சு. மெஷின் வந்தப்ப அப்ளிகேஷன் காரங்க போட்டுக் குடுத்தது, அப்புறம் யாரும் தொட்டதே இல்ல.

பேரலல் இமேஜிங் (பல சேனல் காயிலை வெச்சு, குறைச்ச டேட்டாவுல படம் கட்டறது) பத்திச் சொல்லவே இல்லைங்களே? எங்க மெஷின்ல இருக்குது. ரெண்டு போட்டா நேரம் பாதின்னு காட்டுது.

பழைய காயில்

அது நல்ல ஆயுதம், ஆனா உங்களுக்கு இங்க வேணாம். வேகம் ரெண்டு போட்டா எஸ்.என்.ஆர். 1.4ஆல வகுத்த அளவுக்குக் குறையும், அதுக்கு மேல காயில் அமைப்பைப் பொறுத்து ஜி-ஃபேக்டர்னு ஒரு தண்டம் கட்டணும். நெக்ஸ் 2ஐ 1 ஆக்கினாலும் அதே பாதி நேரம், அந்தத் தண்டம் கிடையாது. ஏற்கனவே நெக்ஸ் 1, இன்னும் நேரம் குறைக்கணும், சிக்னல் மிச்சம் இருக்குன்னா அப்பத்தான் அதை எடுக்கணும். வயித்துல மூச்சுப் பிடிச்சு எடுக்கிற படத்துக்கு அது இல்லாம முடியாது. 15 செகண்டுக்கு மேல எங்க ஊர்ல எந்தத் தாத்தாவும் மூச்சுப் பிடிச்சு நான் பாத்ததில்ல.

ஓய்வுபெற்ற வாத்தியார்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்தியவன், போன வருடம் முதுகுத்தண்டுக்காக அந்தக் குழாய்க்குள் படுத்தவன். உங்கள் முதலாளிக்கு ஒரு செய்தி சொல்லுங்கள். 1977 ஜூலை 3 அன்று அமெரிக்காவில் டமேடியன் குழுவினர் முதன்முதலாக ஒரு மனிதனின் மார்பை எம்.ஆர்.ஐ.யில் படம் எடுத்தபோது ஆன நேரம் 4 மணி 45 நிமிடம். கிடைத்தது ஒரே ஒரு குறுக்குவெட்டுப் படம். 25 நிமிடத்தில் நீங்கள் தருவது எத்தனை படம் என்று அவரையே எண்ணச் சொல்லுங்கள்.

படுத்தவன் என்ற முறையில் ஒன்று. உள்ளே போனதும் எனக்கு மூக்கு நமைத்தது. எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று தெரியாததுதான் பெரிய வேதனை. அந்தப் பெண் ஸ்பீக்கரில் "அய்யா, அடுத்த சத்தம் நாலு நிமிஷம், முடிஞ்சதும் மூக்கைச் சொறிஞ்சுக்கலாம்" என்றாள். நான்கு நிமிடம் கல்லாகக் கிடந்தேன். எண்ணிக்கொண்டே கிடந்தேன், 251 வரை வந்தது.

இருட்டறை

ரேடியாலஜிஸ்ட். அந்த வாட்ஸ்அப் செய்தி அனுப்பியது நான் இல்லை, ஆனால் அதே மாதிரி செய்தி பல பேருக்கு அனுப்பியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் உறுத்துகிறது. நாங்கள் "512 போடுங்க" என்று சொல்லும்போது மனதில் இருப்பது 512 அல்ல. "எனக்குக் கிழிசல் இருக்கிறதா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை" என்பதுதான். அதை எண்ணாக மாற்றிச் சொல்வது எங்கள் சோம்பேறித்தனம்.

மெனிஸ்கஸ் கிழிந்திருக்கிறது என்று நான் எழுத வேண்டுமானால், உள்ளே தெரியும் வெள்ளைக் கோடு அதன் மேற்பரப்பைத் தொட வேண்டும். ஒரு படத்தில் தொட்டால் சந்தேகம், இரண்டு படங்களில் தொட்டால் உறுதி. இதற்குத் தேவையானவை மூன்று: கோட்டுக்கும் கருப்புக்கும் நல்ல வேறுபாடு, 3 மி.மீ.க்கு மிஞ்சாத ஸ்லைஸ், அசையாத கால். மூன்றும் இருந்தால் 384 தாராளம். மேற்பரப்பைத் தொடுகிறதா என்ற இடத்தில் ரவை விழுந்தால், 512 இருந்தும் நான் "சந்தேகம்" என்றுதான் எழுதுவேன். எலும்புக்குள் நீர் கோத்திருப்பதைப் பார்க்க 256 கூட அதிகம், அது பந்தம் மாதிரி எரியும். முட்டிச் சில்லின் குருத்தெலும்பில் ஆரம்பநிலைத் தேய்மானம் தேடுகிறோம் என்றால் மட்டும் ஆக்சியலில் மேலே அக்கா சொன்னதை விடக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பேன். எனவே ஓட்டப்பந்தயக்காரப் பையனுக்கும் 70 வயதுப் பாட்டிக்கும் ஒரே ஆக்சியல் போடாதீர்கள்.

எந்த உறுப்பு, என்ன கேள்வி என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு தலைகீழாகும். பக்கவாதத்தோடு வருபவருக்கு டிஃப்யூஷன் (நீர் மூலக்கூறுகளின் நகர்வைக் காட்டும் படம்) 128 மேட்ரிக்ஸ், 5 மி.மீ. ஸ்லைஸ், ஓரிரு நிமிடம். பார்க்க அசிங்கமான படம். ஆனால் செத்துக்கொண்டிருக்கும் பகுதி விளக்குப் போட்ட மாதிரி தெரியும், அங்கே கூர்மை கேட்டு நேரம் கடத்துபவர் மூளையைக் கடத்துகிறார். வலிப்பு நோய்க்கோ எதிர்த்திசை. 2019ல் உலக வலிப்புக் கழகம் பரிந்துரைத்த முறையில் டி1, ஃபிளேர் (மூளைநீரை மங்கடித்து எடுக்கும் படம்) இரண்டும் 1 மி.மீ. கனசதுர வாக்ஸல், கூடவே ஹிப்போகேம்பஸுக்குச் (மூளையின் நினைவுப் பகுதி) செங்குத்தாக 0.4 க்கு 0.4 க்கு 2 மி.மீ. கொரோனல். நேரம் ஆகும், ஆகட்டும். புராஸ்டேட்டுக்கும் எண் எழுதியே வைத்திருக்கிறார்கள்: டி2வில் ஸ்லைஸ் 3 மி.மீ., ஃபேஸ் பக்கம் 0.7க்கும் ஃப்ரீக்வென்சி பக்கம் 0.4க்கும் மேல் போகக்கூடாது. கவனியுங்கள், அங்கேயே இரண்டு பக்கத்துக்கும் ஒரே எண் கேட்கவில்லை. ஃபேஸ் பக்கம்தான் நேரத்தைத் தின்னும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

ஏ.ஐ. பற்றி: நியூயார்க் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் 2018ல் தொடங்கிய ஃபாஸ்ட்எம்ஆர்ஐ திட்டம் முழங்காலில்தான் ஆரம்பித்தது. நான்கில் ஒரு பங்கு டேட்டாவிலிருந்து கட்டிய படமும் வழக்கமான படமும் நோய் கண்டுபிடிப்பில் ஒன்றுக்கொன்று ஈடு என்று 2020ல் காட்டினார்கள். அது பெரிய விஷயம்தான். அவர்கள் அதே ஆண்டு நடத்திய போட்டியில், அளவு மீறி வேகப்படுத்திய மூளைப் படங்களில் இல்லாத அமைப்புகள் முளைத்ததும் பதிவாகியிருக்கிறது. ரவை விழுந்த படம் "எனக்குத் தெரியாது" என்று ஒப்புக்கொள்ளும். அழகாகத் துடைத்த படம் ஒப்புக்கொள்ளாது. எனக்கு அதில்தான் பயம்.

ஒரு வேண்டுகோள். அனுப்பும் டாக்டரின் சீட்டில் "முழங்கால் வலி" என்று மட்டும் இருந்தால், பேஷண்டிடம் ஒரு நிமிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். எப்போது, எப்படி, மடக்கினால் சிக்குகிறதா. அந்த ஒரு வரி எனக்கு ஒரு சீக்வென்ஸுக்குச் சமம்.

டெஸ்லா பையன்

சரி சரி, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். எங்க காலேஜ்ல ஆறு நிமிஷம்னு சொன்னேன்ல, இன்னிக்கு கடிகாரம் வச்சுப் பாத்தேன். கதவு தொறந்ததுல இருந்து கதவு சாத்துற வரைக்கும் 19 நிமிஷம்.

பள்ளிபாளையத்தான்

ரெண்டு வாரம் ஆச்சு, நடந்ததைச் சொல்லிடறேன்.

சாருக்கு போன் போட்டு, இருட்டறை சார் சொன்ன மாதிரியே "எண்ணை விட்டுடுங்க சார், எந்தப் படத்துல எதைப் பாக்க முடியலைன்னு சொல்லுங்க"ன்னு கேட்டேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. அப்புறம் அரை மணி நேரம் பேசினார். சாஜிட்டல் டி1 இல்லாம ஓட்டலாம்னுட்டார். ஆக்சியல் மட்டும் 40 வயசுக்குக் கீழ இருந்தா பழைய மாதிரியே வேணும்னார். சரின்னு ரெண்டு புரோட்டோகால் சேவ் பண்ணி வெச்சிருக்கேன்.

அக்கா சொன்ன 384 × 288 ஓட்டி முதல் படத்தை அனுப்பினப்ப பதில் வரலை. மறுநாள் ரிப்போர்ட் வந்துச்சு, அதுல "சந்தேகம்"ங்கிற வார்த்தை இல்ல. ஃபேஸ் டைரக்‌ஷன் மாத்தினதுல அந்த நனைஞ்ச பேப்பர் சமாச்சாரமே பாதி போச்சு. இத்தனை வருஷம் தமனி துடிக்கிறதைப் பாத்து மேட்ரிக்ஸைத் திட்டியிருக்கோம்.

வாத்தியார் அய்யா சொன்னபடி ஒவ்வொரு சத்தத்துக்கும் முன்னாடி எத்தனை நிமிஷம்னு சொல்றேன். 3:36ன்னா "நாலு நிமிஷம்"னு சொல்லிடறது. முன்னாடியே முடிஞ்சா சந்தோஷப்படறாங்க.

ஆனா ஒன்னு எதிர்பாக்கலைங்க. போன புதன்கிழமை ஒரு பெரியவர் வந்தார், 61 வயசு, நாப்பது வருஷமா விசைத்தறி. காதுல பஞ்சு வெக்கப் போனேன். "எதுக்கு தம்பி, தறிச் சத்தத்துக்கு முன்னால இதெல்லாம் தாலாட்டு"ன்னார். இல்லீங்க, வெச்சே ஆகணும்னு வெச்சுவிட்டேன். சாஜிட்டல் அருமையா வந்துச்சு. கொரோனல் ஓடும்போது ஜன்னல் வழியாப் பாக்கறேன், வயிறு ஏறி எறங்குது. மனுசன் தூங்கிட்டார். தூக்கத்துல கால் ஒரு வெட்டு வெட்டுச்சு, 2:50ல. இன்னும் 22 செகண்டுதான் இருந்துச்சு. படம் முழுக்கப் பேய் பேயா நிழல். எழுப்பி, மறுபடியும் 3:12. அந்த ஆளுக்கு மட்டும் 24 நிமிஷம். முதலாளி வெளிய கடிகாரத்தைப் பாத்துட்டே நிக்கிறார். சாஜிட்டலை முதல்ல எடுத்ததால நல்லதாப் போச்சு, இல்லன்னா அதுதான் போயிருக்கும். இப்ப தறிக்காரங்க வந்தா நடுவுல பேச்சுக் குடுத்துட்டே ஓட்டறேன்.

மத்தபடி சராசரி 17 நிமிஷம் வருது. 15 வரலை. ஆயா வெக்கறதுக்கு முதலாளி ஒத்துக்கலை, ஆனா ரிசப்ஷன் அக்கா பாதி வேலையைப் பாத்துக்கறாங்க. காயில் பூட்டு இன்னும் வரலை.

அக்கா, ஒரு சந்தேகம் மிச்சம் இருக்குது, தோள்பட்டைக்கு இதே மாதிரி கணக்குப் போட்டா மூச்சு விடறதால வர்ற அசைவை என்ன பண்றதுன்னு. அதைத் தனியாக் கேக்கறேன். அடுத்தவங்க மூக்குத்தி திருகு சுத்திட்டே இருக்குது, கழல மாட்டேங்குது, நான் போகணும்.